அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையைத் திருநெல்வேலி, தூத்துக்குடிக்காரர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். தாமிரபரணி ஆறு திருநெல்வேலி ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டுக்குள் புகுந்து, மீனாட்சிபுரம் பக்கம் வீடுகளில் ஏறி, கீழே ஸ்ரீவைகுண்டம், ஏரல் வரைக்கும் வழியில் இருந்ததையெல்லாம் இழுத்துக்கொண்டு போனது. எங்கள் வீடு பாளையங்கோட்டையில் மேடான இடத்தில் இருக்கிறது. கரண்ட் இல்லை, பால் வரவில்லை, அதற்கு மேல் எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

மழை விட்ட பிறகு தெருப் பையன்கள் ஒரு லோடு ஆட்டோவைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு வீடு வீடாக வந்தார்கள். துணி, பாய், போர்வை, அரிசி, எது இருந்தாலும் குடுங்கக்கா என்றார்கள். நான் பீரோவின் கீழ்த்தட்டைக் காலி செய்ய ஆரம்பித்தேன். ஓரம் பிரிந்த சேலை, சாயம் போன நைட்டி, பிள்ளைகளுக்குச் சின்னதாகிப்போன உடுப்புகள். என் மகளுக்கு அப்போது ஆறு வயது. பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக மடித்துத் தந்துகொண்டிருந்தவள், ஒரு கவுனைக் கையில் எடுத்ததும் நிறுத்திவிட்டாள்.

"எம்மா, இது ஜிப்பு போயிட்டுல்லா. இத யாராவது எனக்குத் தந்தா நான் போடுவேனா?"

எல்லாம் போனவங்களுக்கு இதாவது கிடைக்கட்டுமே என்று சொன்னேன். அவள் எதிர்த்துப் பேசவில்லை. கவுனை மூட்டையில் வைக்காமல் என் மடியில் வைத்துவிட்டு அடுத்த துணியை எடுத்தாள்.

எனக்கு நாகப்பட்டினம் ஞாபகம் வந்துவிட்டது. சுனாமி வந்து இரண்டு வாரம் கழித்து, 2005 ஜனவரியில், கல்லூரி என்.எஸ்.எஸ். மாணவியாக அங்கே போயிருந்தேன். அந்த ஒரு மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் இறந்திருந்தார்கள். எங்கெங்கிருந்தோ லாரி லாரியாகப் பழைய துணி வந்து இறங்கியது. மீனவக் குடும்பங்கள் அதைத் தொடவில்லை. ரோட்டோரம் குவியல் குவியலாகக் கிடந்து, நனைந்து, மண்ணில் புதைந்து, கடைசியில் அதை அள்ளி அகற்றுவதே நிர்வாகத்துக்குத் தனி வேலையாகிப் போனது. நாங்கள் ஒருநாள் முழுக்க ஒரு குவியலைப் பிரித்தோம். ஒற்றைச் சாக்ஸ், கிழிந்த உள்ளாடை, கம்பளிக் கோட்டு என்று வந்துகொண்டே இருந்தது. ஒரு அம்மாள் வந்து ஒரு சேலையை எடுத்து விரித்துப் பார்த்தார், திரும்ப ஒழுங்காக மடித்தார், இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார். கடலில் உழைத்த காசில் வருஷா வருஷம் பிள்ளைகளுக்குப் புதுத் துணி எடுத்த கைகள் அவை. அன்றைக்கு எங்கள் கூட்டத்தில் யாரும் அதிகம் பேசவில்லை.

அதை நேரில் பார்த்த நானே கிட்டத்தட்ட பத்தொன்பது வருஷம் கழித்து அதே மூட்டையைத்தான் கட்டிக்கொண்டிருந்தேன்.

மூட்டையைப் பிரித்துப் போட்டு மறுபடி ஆரம்பித்தோம். மகளையே நீதிபதியாக வைத்தேன். அவள் "நான் போடுவேன்" என்று சொன்னது மட்டும் மூட்டைக்குள் போனது. மிஞ்சியது ஆறு உருப்படி. அப்புறம் கடை திறந்ததும் புதுத் துண்டு, நைட்டி, உள்பாவாடை, நாப்கின் பாக்கெட் வாங்கினோம். வெள்ளத்தில் வீடு நனைந்துபோன ஒரு பெண்ணுக்கு முதல் நாள் தேவைப்படுவது இதுதான், ஆனால் இதை யாரும் கொடுக்க நினைப்பதில்லை. இதெல்லாம் அம்மா அப்பா தருவது, நீ என்ன தருவ என்று மகளிடம் கேட்டேன். ரொம்ப நேரம் யோசித்தாள். பிறந்தநாளுக்கு வந்த, இன்னும் பிரிக்காத 24 கலர் ஸ்கெட்ச் பேனா டப்பாவைக் கொண்டுவந்து வைத்தாள். பள்ளிக்கூடப் பையெல்லாம் நனைந்திருக்கும், அந்தப் பிள்ளைகளுக்குக் கலர் அடிக்க ஒன்றும் இருக்காது என்றாள்.

அன்று ராத்திரி பத்து மணிக்கு எழுந்து உட்கார்ந்து, டப்பா திரும்ப வேண்டும் என்று அழுதாள்.

இந்த இடத்தைத்தான் நான் எல்லாப் பெற்றோர்களிடமும் சொல்ல நினைக்கிறேன். கொடுத்தால் சந்தோஷம் வரும் என்று பிள்ளைகளிடம் சொல்லிக்கொடுக்கிறோம். வரும்தான். ஆனால் கூடவே ஒரு இழப்பும் வரும். அந்த இழப்பை அவள் உணர்ந்தால்தான் அவள் உண்மையில் எதையோ கொடுத்திருக்கிறாள். நாளைக்கே இன்னொரு டப்பா வாங்கித் தருகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். என் அம்மா கையைப் பிடித்தார். "புதுசு வாங்கிக் குடுத்தேன்னா அவ ஒண்ணுமே குடுக்கலன்னு ஆயிரும் பாத்துக்கோ" என்றார். அதனால் வாங்கித் தரவில்லை. மடியில் போட்டுக்கொண்டு, ஆமா, நல்ல டப்பாதான், உனக்கு ரொம்பப் பிடிச்சதுல்லா என்று மட்டும் சொன்னேன். கொஞ்ச நேரம் அழுதுவிட்டு, யார் கையில அது போயிருக்கும் என்று கேட்டாள்.

அப்போதுதான் ஸ்ரீவைகுண்டம் ரயில் கதையைச் சொன்னேன். திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட செந்தூர் எக்ஸ்பிரஸ், தண்டவாளத்துக்கு அடியில் இருந்த மண்ணும் ஜல்லியும் அடித்துக்கொண்டு போனதால் ஸ்ரீவைகுண்டத்திலேயே நின்றுவிட்டது. சுமார் 800 பேர். சுற்றிலும் தண்ணீர். பக்கத்துப் புதுக்குடி ஊர்க்காரர்கள், அவர்களும் வெள்ளத்தில் மாட்டியவர்கள்தான், இருந்த அரிசியைச் சேர்த்துப் பொங்கி அந்தப் பயணிகளுக்குச் சாப்பாடு கொடுத்தார்கள். மீட்புக் குழுவினர் வந்து சேரும் முன்பே அந்தச் சோறு போய்ச் சேர்ந்துவிட்டது. மகள் கேட்டாள், "அவங்க வீட்லயும் தண்ணி வந்துச்சா?" வந்துச்சு என்றேன். "அப்பம் அவங்களுக்கு யாரு குடுத்தா?" அதற்கு என்னிடம் சட்டென்று பதில் இல்லை. நம்ம தெரு அண்ணன்மார் கொண்டுபோன ஆட்டோ அந்தப் பக்கம்தான் போயிருக்கிறது என்றேன். அதைக் கேட்டபடியே தூங்கிவிட்டாள்.

பிற்பாடு இது சம்பந்தமாகக் கொஞ்சம் படித்தேன். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் நடந்து 2012-ல் வெளிவந்த ஓர் ஆய்வு. இரண்டு வயதுகூட நிறையாத பிள்ளைகளிடம் ஒரு குரங்குப் பொம்மையை அறிமுகப்படுத்தி, பிஸ்கட் கொடுத்து, பிள்ளைகளின் முகத்தில் தெரியும் சந்தோஷத்தை அளந்திருக்கிறார்கள். தாங்கள் வாங்கிக்கொண்டபோது இருந்ததைவிடப் பொம்மைக்குக் கொடுத்தபோது முகம் மலர்ந்திருக்கிறது. அதிலும் ஆய்வாளர் எடுத்துக் கொடுத்த பிஸ்கட்டைப் பொம்மைக்குக் கொடுத்தபோது இருந்த சந்தோஷத்தைவிட, தன் கிண்ணத்தில் இருந்த தன்னுடைய பிஸ்கட்டைக் கொடுத்தபோது சந்தோஷம் கூடுதல். கோயில் வாசலில் பிள்ளை கையில் பத்து ரூபாய் நோட்டைத் திணித்து, போ, தாத்தா தட்டில் போட்டுவிட்டு வா என்று அனுப்புகிறோமே, அது நாம் கொடுப்பது. பிள்ளை அதில் வெறும் தபால்காரர். அந்தப் பத்து ரூபாய்க்குப் பதில் அவன் உண்டியலில் அவனே சேர்த்த இரண்டு ரூபாய், போடலாமா வேண்டாமா என்று அவனே யோசித்துப் போட்டால் அது அவனுடையது. வேண்டாம் என்று முடிவு செய்தாலும் சரி, விட்டுவிட வேண்டும். இதை நான் ரொம்ப உறுதியாகச் சொல்வேன், ஏனென்றால் கட்டாயப்படுத்திப் பிடுங்கிக் கொடுத்த பொம்மைக்காக என் மகன், சின்னவன், இரண்டு நாள் என்னிடம் பேசாமல் இருந்ததைப் பார்த்தவள் நான். அதில் அவன் கற்றுக்கொண்டது பகிர்தலை இல்லை, பெரியவர்கள் பலம் உள்ளவர்கள் என்பதைத்தான்.

எங்கள் ஆச்சி வீட்டில் அடுப்படி மூலையில் ஒரு மண் கலயம் இருக்கும். பிடி அரிசிக் கலயம். இந்தப் பழக்கம் நம் ஊரில் எந்தச் சமயத்துக்கும் தனிச் சொத்து இல்லை. காஞ்சி மடத்துப் பெரியவர் சொல்லிப் பிடி அரிசி சேர்த்த வீடுகள் உண்டு. திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவச் சபைகளில் பெண்கள் வீட்டுக்கு வீடு கைப்பிடி அரிசி எடுத்துவைத்துக் கோயிலுக்குக் கொண்டுவருவார்கள், அசனப் பண்டிகைக்கு ஊரே அரிசியும் காய்கறியும் தேங்காயும் கொண்டுவந்து கொட்டி, சேர்ந்து பொங்கிச் சாப்பிடும். ஆச்சி செய்ததில் நான் சின்ன வயதில் கவனிக்காமல் போய், பிள்ளைகள் பிறந்த பிறகு புரிந்துகொண்ட ஒரு விஷயம் இருக்கிறது. ஆச்சி மூட்டையிலிருந்து ஒரு பிடி எடுத்துக் கலயத்தில் போட மாட்டார். எங்கள் எல்லாருக்கும் எத்தனை உழக்கு என்று அளந்து சொளகில் போட்டு, கல் பொறுக்கி முடித்த பிறகு, அந்த அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்துப் போடுவார். மூட்டையில் எடுத்தால் என்ன, அதுவும் நம்ம அரிசிதானே என்று என் அம்மா கேட்டதற்கு, "மூட்டையில எடுத்தா யாருக்கும் குறையாதுல்லா" என்றாராம்.

பேரப் பிள்ளைகள் போயிருந்தால் எங்கள் கையால் எடுக்கச் சொல்வார். அதனால் கலயத்தில் விழுவது குறைவாகத்தான் இருக்கும். அதைப் பற்றி ஆச்சிக்குக் கவலை இருந்ததாகத் தெரியவில்லை.

வெள்ளத்துக்கு அடுத்த பொங்கலிலிருந்து எங்கள் வீட்டிலும் ஒரு எவர்சில்வர் டப்பா வைத்திருக்கிறோம். தினமும் மூத்தவள் ஒரு பிடி, சின்னவன் ஒரு பிடி. சின்னவன் பிடி என்பது இருபது கிராம் இருந்தால் பெரிசு. இரண்டு பேருமாக மாதத்துக்கு ஒன்றரைக் கிலோ வரும். அது எங்கே போகிறது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

இப்போது நான் செய்த ஒரு தப்பைச் சொல்ல வேண்டும். மூத்தவளின் ஐந்தாவது பிறந்தநாளை ஒரு குழந்தைகள் இல்லத்தில் கொண்டாடினோம். நிறையப் பேர் செய்கிறார்கள், நல்ல எண்ணத்தில்தான் செய்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பிரியாணியும் கேக்கும் கொண்டுபோனோம். பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். முதலில் ஜெபம், அப்புறம் எங்களுக்கு நன்றி சொல்லி ஒரு பாட்டு, அப்புறம் ஹேப்பி பர்த்டே. பட்டுப்பாவாடை கட்டிய என் மகள் கையில் கரண்டியைக் கொடுத்து ஒரு பிள்ளை தட்டில் பரிமாற வைத்து நாங்கள் போட்டோ எடுத்தோம். எடுத்த கையோடு ஸ்டேட்டஸிலும் வைத்தேன். திரும்பி வரும்போது மகள் கேட்டாள்: "அவங்க ஏன் எனக்குப் பாட்டுப் பாடுனாங்க? அவங்களுக்கு என்னையத் தெரியாதே."

கிளம்புகிற நேரத்தில் இல்லத்துப் பொறுப்பாளர் அக்கா சொன்னது வேறு மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. அன்று காலையில் ஒரு குடும்பம் வந்து டிபன் கொடுத்தார்களாம், சாயங்காலம் இன்னொரு கேக் வருகிறதாம். ஞாயிற்றுக்கிழமையும் கல்யாண நாள்களும் நிறையும், செவ்வாய், புதன் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு குடும்பம் வரும்போதும் பிள்ளைகள் விளையாட்டை விட்டுவிட்டு, தலை சீவி, வரிசையில் உட்கார்ந்து, பாடவேண்டும். லீவு நாளில் மூன்று முறை. என் மகளை யாராவது அப்படி உட்கார வைத்தால் நான் சம்மதிப்பேனா?

போட்டோவை ஸ்டேட்டஸிலிருந்து நீக்கிவிட்டேன். சிறார் நீதிச் சட்டம் 2015-ன் 74-ஆவது பிரிவு, பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தைகளின் அடையாளத்தை எந்த ஊடகத்திலும் வெளியிடக் கூடாது என்கிறது. அது எனக்கு அப்போது தெரியாது. சட்டம் இல்லாவிட்டாலும் தெரிந்திருக்க வேண்டும். அந்தப் பிள்ளை பெரியவளாகி, வேலைக்குப் போய், யாரோ ஒருவர் பிறந்தநாள் ஆல்பத்தில் தட்டேந்தி நிற்கும் தன் முகத்தைப் பார்த்தால் அவளுக்கு எப்படி இருக்கும்?

அந்த அக்காவிடம் மறுநாள் போன் செய்து, நிஜமாகவே என்ன வேண்டும் என்று கேட்டேன். ஒரு நிமிஷம் பேசாமல் இருந்துவிட்டு மளமளவென்று சொன்னார்கள். பாத்திரம் தேய்க்கிற சோப்பு, தேங்காய் எண்ணெய், பேன் மருந்து, பெரிய பிள்ளைகளுக்கு நாப்கின், பள்ளிக்கூட ஷூ, கரண்ட் பில். பிரியாணி அதில் இல்லை. அன்றிலிருந்து பிறந்தநாளுக்கு நாங்கள் அங்கே போவதில்லை. மாதத் தொடக்கத்தில் மகளும் நானும் கடைக்குப் போய், அவள் உண்டியல் காசு கொஞ்சமும் என் பணமும் சேர்த்து, அந்த லிஸ்டில் ஒன்றிரண்டை வாங்கி ஆபீஸ் அறையில் கொடுத்துவிட்டு ரசீது வாங்கிக்கொண்டு வந்துவிடுவோம். சீப்பு, ரிப்பன் எடுக்கும்போது மட்டும் கடையில் அரைமணி நேரம் ஆகும், எந்தக் கலர் அந்த அக்காமாருக்குப் பிடிக்கும் என்று அவ்வளவு யோசிப்பாள். நாமதான் குடுத்தோம்னு அவங்களுக்குத் தெரியாதா என்று முதல் தடவை கேட்டாள். தெரியாது என்றேன். முகம் கொஞ்சம் வாடியது. இரண்டு மாதத்தில் அதுவே அவளுக்கு ஒரு ரகசிய விளையாட்டாகிவிட்டது, தம்பியிடம்கூடச் சொல்லாமல் பையை மறைத்துவைத்துக்கொண்டு வருகிறாள். (இல்லங்களுக்குக் கொடுப்பவர்கள், அது முறையாகப் பதிவு பெற்றதுதானா என்று மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் ஒரு வார்த்தை விசாரித்துக்கொள்ளுங்கள். பதிவு செய்வது சட்டப்படி கட்டாயம்.)

2018-ல் கேரள வெள்ளத்தின்போது விழுப்புரத்தில் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி, சைக்கிள் வாங்க வருஷக்கணக்கில் உண்டியலில் சேர்த்த ஏறக்குறைய 9,000 ரூபாயை நிவாரணத்துக்குக் கொடுத்தது பலருக்கும் ஞாபகம் இருக்கும். செய்தியைப் பார்த்த ஒரு சைக்கிள் கம்பெனி அவளுக்குப் புது சைக்கிள் கொடுத்தது. அந்தப் பிள்ளை செய்தது எவ்வளவு பெரிய காரியம். சைக்கிளும் அவளுக்குக் கிடைக்க வேண்டியதுதான். ஆனால் அந்தக் கதையை நான் பிள்ளைகளுக்குச் சொன்னதும், சின்னவன் ஓடிப்போய் தன் உண்டியலைக் கொண்டுவந்து, இதைக் குடுத்தா எனக்கும் சைக்கிள் வருமா என்று கேட்டான். அவன்மேல் ஒரு தப்பும் இல்லை. நான் கதையைச் சைக்கிளில் போய் முடித்திருக்கிறேன், அவன் காதில் விழுந்தது சைக்கிள். இப்போது சொல்லும்போது அவள் உண்டியலை உடைத்த இடத்தோடு நிறுத்திவிடுகிறேன்.

அதே நேரத்தில் வீட்டில் நட்சத்திர ஸ்டிக்கர் ஒட்டும் சார்ட் ஒன்றும் வைத்திருந்தோம். தம்பிக்கு உதவினால் ஒரு நட்சத்திரம், பத்து சேர்ந்தால் ஐஸ்கிரீம். ஜெர்மனியில் லைப்சிக் நகரத்து மேக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் வார்னகென், டோமசெல்லோ என்ற இரண்டு பேர் செய்து 2008-ல் வெளிவந்த ஆய்வில், இருபது மாதக் குழந்தைகள் கீழே விழுந்த பொருளை எடுத்துக் கொடுத்து உதவியதற்குப் பரிசு கொடுத்திருக்கிறார்கள். பரிசு வாங்கிய பிள்ளைகள், பரிசு நின்ற பிறகு, ஒன்றுமே வாங்காத பிள்ளைகளைவிடக் குறைவாக உதவியிருக்கிறார்கள். அதைப் படித்த அன்று சார்ட்டைக் கழற்றிவிட்டேன். அதற்குப் பிறகு இரண்டு வாரம் வீட்டில் உதவி குறைந்தது, உண்மைதான். அப்புறம் வந்துவிட்டது.

சிக்னல் விஷயம் இதைவிடக் கஷ்டம். வண்ணார்பேட்டையில் ஸ்கூட்டர் நின்றபோது ஒரு சின்னப் பெண் கை நீட்டினாள், என் மகளைவிட ஒரு வயது குறைவாக இருக்கும். மகள் பையிலிருந்து பிஸ்கட் பாக்கெட்டை எடுத்து நீட்டப் போனாள். நான் அவள் கையைத் தட்டிவிட்டேன், பின்னால் ஹாரன் அடித்தார்கள், வண்டியை எடுத்துவிட்டேன். அந்த வாரம்தான் பள்ளியில் ஆத்திசூடி ஒப்பிக்கச் சொல்லியிருந்தார்கள். ராத்திரி மகள் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். அறம் செய விரும்பு, ஆறுவது சினம், இயல்வது கரவேல், ஈவது விலக்கேல். ஈவது விலக்கேல்னா என்ன என்று கேட்டாள். ஒருத்தர் இன்னொருத்தருக்குக் குடுக்கிறதைத் தடுக்காதே என்று அர்த்தம் சொல்லும்போதே எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அவள் என்னைப் பார்த்தாளே தவிர ஒன்றும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு வீட்டில் பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். சாப்பிடும் பொருளை அவள் எப்போது வேண்டுமானாலும் கொடுக்கலாம், நான் தடுக்க மாட்டேன். குழந்தைகள் கையில் காசு மட்டும் கொடுப்பதில்லை, காசு வந்துகொண்டே இருந்தால் அந்தப் பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்பாமல் அங்கேயே நிறுத்திவைப்பார்கள் என்று சொன்னேன். வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, குழந்தைகளுக்கான உதவி எண் 1098-க்குப் போன் செய்வோம், இடத்தைச் சொல்வோம். போனை ஸ்பீக்கரில் போட்டு மகளும் கேட்பாள். அந்தப் பிள்ளைக்கு அப்புறம் என்ன ஆச்சு என்று ஒவ்வொரு தடவையும் கேட்கிறாள். தெரியவில்லை என்றுதான் சொல்கிறேன். எல்லாம் சரியாகிவிடும் என்று பொய் சொல்ல மனம் வரவில்லை.

துணி கொடுப்பதற்கு எங்கள் ஊரில் ஒரு நல்ல ஏற்பாடு வந்தது. 2017-ல் கலெக்டராக இருந்த சந்தீப் நந்தூரி கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் அன்புச் சுவர் என்று ஒன்றைத் திறந்தார். வேண்டாததை வைத்துவிட்டுப் போகலாம், வேண்டியதை யாரும் கேட்காமல் எடுத்துக்கொள்ளலாம். ஈரானில் மஷாத் நகரில் 2015-ல் ஆரம்பித்த யோசனை இது. எனக்கு அதில் பிடித்தது, எடுப்பவர் யாரிடமும் நன்றி சொல்லத் தேவையில்லை என்பது. இப்படி எங்கே கொடுத்தாலும் எங்கள் வீட்டில் சட்டம் ஒன்றுதான்: துவைத்து, பட்டன் தைத்து, இஸ்திரி போட்டு. பட்டன் தைப்பது இப்போது மூத்தவள் வேலை.

ஆனால் இதெல்லாம் மாதத்தில் ஒருநாள், வருஷத்தில் சில நாள். மீதி நாள்களில் பிள்ளைகள் நம்மைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். வீட்டு வேலைக்கு வரும் அக்காவுக்குத் தனி டம்ளர் வைத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை அன்னதானத்துக்குக் கூட்டிப்போனால் பிள்ளை மனதில் நிற்பது டம்ளர்தான். எங்கள் வீட்டிலும் அந்த டம்ளர் இருந்தது. ஜன்னல் திண்டில், கவிழ்த்து. யார் வைத்தது, எப்போதிருந்து என்று யாரும் பேசியதில்லை, அப்படியே இருந்தது. மகள் பிறந்த பிறகு அதை எடுத்து மற்ற டம்ளர்களோடு கலந்து வைத்தேன். அந்த அக்கா முதல் இரண்டு நாள் காபியை வாங்காமல் அப்புறம் குடிக்கிறேன் என்று தள்ளிப்போட்டார். மூன்றாம் நாள் நானும் அவருமாக மேசையில் உட்கார்ந்து குடித்தோம். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை, இவ்வளவு காலம் தாழ்த்தியதில் எனக்கு வருத்தம்தான் இருக்கிறது.

அதே மாதிரி இன்னொன்று, சின்ன விஷயம், ஆனால் எந்த வீட்டிலும் நாளைக்கே செய்யலாம். எங்கள் தெருவில் குப்பை வாங்க வரும் தூய்மைப் பணியாளர் அம்மா ஒருநாள் கையில் துணி சுற்றி வந்தார். யாரோ குப்பையோடு உடைந்த பாட்டிலைப் போட்டிருக்கிறார்கள். மகள் அதைப் பார்த்துவிட்டாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் கண்ணாடி உடைந்தால் நாலைந்து தாள் செய்தித்தாளில் சுற்றி, கயிறு கட்டி, மேலே மார்க்கரில் "கண்ணாடி" என்று எழுதித் தனியாகக் கையில் கொடுப்பது. அந்த அம்மாவுக்குப் படிக்க வருமோ என்னவோ என்று மகள் தானாகவே பக்கத்தில் ஒரு பாட்டில் படமும் போடுகிறாள், உடைந்த கோடுகளோடு. பிளேடும் ஊசியும் அப்படித்தான். வெள்ள நிவாரணம், இல்லம், உண்டியல் எல்லாவற்றையும்விட இந்தப் பாட்டில் படத்தைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். யாரும் சொல்லாமல், இன்னொருத்தர் கையைத் தன் கையாக நினைத்துப் போட்ட படம் அது.

சரி, அரிசிக்கு வருகிறேன். இரண்டு தெரு தள்ளி ஒரு முதியோர் இல்லம் இருக்கிறது, இருபது இருபத்தைந்து பேர். முதல் தடவை கேட்டபோதே சமையல் அக்கா, இட்லி அரிசி வேண்டாம், சோத்துக்கு ஆகிற மாதிரி கொண்டு வாங்க என்று தெளிவாகச் சொல்லிவிட்டார்கள், எனக்கு அது பிடித்திருந்தது. மாதக் கடைசி சனிக்கிழமை பிள்ளைகள் இரண்டு பேரும் டப்பாவைத் தூக்கிக்கொண்டு நடப்பார்கள். போன மாதம் அந்த அக்கா டப்பாவை வாங்கி, அவர்கள் கண் முன்னாடியே பெரிய நீல டிரம்மில் கொட்டினார்கள். சின்னவன் எக்கி எக்கி டிரம்முக்குள் பார்த்தான். இப்போது அவனுக்கு ஐந்து வயது.

"இதுல நம்ம அரிசி எது?"

"எல்லாம் கலந்துட்டே ராசா, இனி எப்படிப் பிரிக்க?" என்றார் அக்கா.

அவன் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றான். சாப்பாட்டு நேரம், உள்ளே தட்டு வைக்கிற சத்தம் கேட்டது. நடக்க முடியாத ஒரு தாத்தா, கட்டிலில் இருந்தபடியே, என்ன பேரப்பிள்ள, சாப்பிட வாரியா என்று சும்மா கேட்டார். இவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். வீட்டில் நான் மீன் குழம்பு வைத்துவிட்டு வந்திருந்தேன். போ என்று தலையாட்டினேன். இரண்டு பேரும் போய்ப் பந்தியில் உட்கார்ந்துவிட்டார்கள். பருப்புக் குழம்பு, அவரைக்காய்ப் பொரியல், அப்பளம். அக்கா எனக்கும் ஒரு தட்டு வைத்தார்கள். சின்னவன் ஒவ்வொரு வாய்க்கும் சோற்றை உற்றுப் பார்த்துப் பார்த்துச் சாப்பிட்டான். பக்கத்து ஆச்சி தன் தட்டிலிருந்த அப்பளத்தைப் பாதியாக உடைத்து, கேட்காமலே, அவன் தட்டில் வைத்தார்.